குச்சிக்கிழங்குக் காட்டில் விழுந்த விமானம்: விசாரணை அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். போன தை மாதம் பயிற்சி விமானம் ஒன்று மேலே கிளம்பின கொஞ்ச நேரத்திலேயே குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போட்டிருந்த எங்கள் காட்டில் விழுந்தது. அதன் விவரமெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கும். இந்தத் தையும் போய் மாசி பிறந்துவிட்டது. அது ஏன் விழுந்தது என்று எங்களுக்கு இதுவரை ஒருவரும் சொல்லவில்லை.

போன செவ்வாய்க்கிழமை இன்னொரு பயிற்சி விமானம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மேலே தாழப் போனது. சத்தம் கொஞ்சம் மாறியது, அவ்வளவுதான். பிள்ளைகள் வகுப்பை விட்டு ஓடி வந்து சுவரோரம் ஒண்டிக்கொண்டார்கள். விமானம் நல்லபடியாகப் போய்விட்டது. பிள்ளைகளைத் திரும்ப உள்ளே கூட்டிப்போய் உட்கார வைக்க டீச்சருக்கு அரை மணி நேரம் ஆனது. அன்று ராத்திரிதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

விழுந்த அன்று முதலில் ஓடினவர்கள் நாங்கள்தான். பெட்ரோல் வாடை மூக்கைக் குத்தியது. விமானம் ஓட்டப் பழகிக்கொண்டிருந்த பையனைக் கயிற்றுக் கட்டிலில் தூக்கி வந்து எங்கள் சாளை (காட்டு வீடு) வாசலில் வைத்தோம். ஒரு காலில் ஷூ இல்லை. தண்ணீரைக் குடிக்காமல் "சார் எங்கே, சார் எங்கே" என்றே கேட்டுக்கொண்டிருந்தான். கற்றுக்கொடுக்க வந்த அந்த சார் எங்கள் வரப்பில் உயிரை விட்டிருந்தார். பையனிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்புறம் நீங்கள் வந்தீர்கள். தடயம் கலையக் கூடாது என்று காட்டைச் சுற்றிக் கயிறு கட்டினீர்கள். சரி, நியாயம்தான். உடைந்த விமானத்தை லாரியில் ஏற்றிப் போன பிறகும் கயிறு மட்டும் அவிழவில்லை. கேட்டால் ஒரு ஆபீஸ் இன்னொரு ஆபீஸைக் கை காட்டியது. குச்சிக்கிழங்கு பத்து மாதப் பயிர் ஐயா. சேலம், நாமக்கல் பக்கத்தில் ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலைகளில் எடையை மட்டும் பார்த்து விலை போடுவதில்லை, மாவு எத்தனை பாயிண்ட் என்று பார்ப்பார்கள். கோடை மழை விழுந்து செடி மறுபடி துளிர்த்தால் கிழங்கில் இருக்கிற மாவு இறங்கிவிடும். எங்களைப் பிடுங்க விட்டது சித்திரை மழைக்குப் பிறகு. ஆலைக்காரர் ஒரு கிழங்கை ஒடித்துப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். விலை எதுவும் சொல்லவில்லை. அந்த வருஷ வெள்ளாமை அத்தோடு போயிற்று. நஷ்டஈட்டுக்கு மனு தனியாகக் கொடுத்திருக்கிறேன். இந்த மடல் அதற்காக இல்லை.

கிழங்கு பிடுங்கும்போது மண்ணுக்குள்ளிருந்து ஒரு முழ நீளத்துக்குத் தகடு ஒன்று வந்தது. ஓரத்தில் வரிசையாக ரிவெட் அடித்திருக்கிறது. அது விமானத்தோடது என்று எங்களுக்கே தெரிந்தது. நீங்கள் கொடுத்த எண்ணுக்கு மூன்று தடவை போன் செய்து சொன்னேன். "ஆள் வருவார்கள்" என்றார்கள். யூரியா சாக்கில் சுற்றி மாட்டுக் கட்டுத்தரையில் வைத்திருக்கிறேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விமானம் விழுந்ததை முழுசாகப் பார்த்தது என் பெரியம்மா. ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். "சத்தம் ரெண்டு தடவ விக்குச்சு கண்ணு. அப்புறம் நின்னே போச்சு. வந்த பக்கமே திரும்பப் பாத்துச்சு, ஒரு றெக்க சாஞ்சு அப்படியே உழுந்துருச்சு" என்று அன்றைக்குச் சொன்னதை இன்றைக்கும் மாற்றாமல் சொல்கிறார். கிளம்பின உடனே இன்ஜின் நின்றால் ஓடுதளத்துக்குத் திரும்பப் பார்க்காதே, எதிரே இருக்கிற வெட்டவெளியில் இறக்கு என்றுதான் விமானம் ஓட்டுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். தாழ இருக்கும்போது திரும்பினால் வேகம் குறைந்து றெக்கைக்குத் தாங்கும் பிடிமானம் போய்விடும். இந்த மாதிரிச் சின்ன விமானங்களில் பெரும்பாலும் கருப்புப் பெட்டியும் கிடையாது. அப்படியிருக்க, நேரில் பார்த்த பெரியம்மாவை இந்தப் பதின்மூன்று மாதத்தில் ஒருவர் கூட வந்து கேட்கவில்லையே? எழுதப் படிக்கத் தெரியாதவர்தான். கண்ணும் காதும் நன்றாக இருக்கின்றன ஐயா.

விமானப் போக்குவரத்துக்காக 1944ஆம் ஆண்டு நாடுகள் சேர்ந்து செய்த சிகாகோ உடன்படிக்கையின் 13ஆவது இணைப்பு என்ன சொல்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முடிந்தவரை 12 மாதத்துக்குள் இறுதி அறிக்கை. முடியாவிட்டால், வருஷம் திரும்பும் நாளில் விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று ஓர் இடைக்கால அறிக்கை. யார் மேலும் பழி போடுவதற்காக இல்லை, அடுத்த விபத்தைத் தடுப்பதற்காகத்தான் விசாரணை என்றும் அதில் இருக்கிறது. நாங்கள் கேட்பதும் அதைத்தானே? ஏன் விழுந்தது என்று சொல்லுங்கள்.

2021 டிசம்பர் 8 அன்று நம் சூலூரிலிருந்து கிளம்பிய ஹெலிகாப்டர் குன்னூர் பக்கம் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி இருந்த ஹெலிகாப்டர் அது. ஜனவரி 14ஆம் தேதியே முதற்கட்டத்தில் தெரிந்ததை விமானப்படை வெளியே சொன்னது. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் பெரிய விமானம் விழுந்தது. ஒரு மாதத்தில் முதல் அறிக்கை வந்தது. ஒன்று ராணுவ விசாரணை, இன்னொன்று உலகமே பார்த்த விபத்து, இது வேறு என்று எனக்கும் புரிகிறது. ஆனால் பெரிய மனிதர் போனால்தான், நூற்றுக்கணக்கில் போனால்தான் பதில் வருமா? காட்டில் செத்துப்போன ஒரு வாத்தியாருக்குப் பதில் கிடையாதா? எங்கள் ஊரில் எதற்குமே இப்படித்தான். கிணற்றுப் பக்கம் கரண்ட் கம்பி அறுந்தாலும் ஆளைப் பார்த்துத்தான் வருகிறார்கள்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும். விமானப் பயிற்சியை நிறுத்தச் சொல்லவில்லை. மேலே பறக்கிறவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தான். இன்ஜின் கோளாறா, எண்ணெயில் தண்ணீர் கலந்ததா, திரும்பினது தப்பா, எதுவானாலும் ஏன் விழுந்தது என்று தமிழில் எழுதி எங்கள் கிராம சபையில் வாசித்துக் காட்டுங்கள். முடிவு தெரியவில்லை என்றால் அதையாவது சொல்லுங்கள்.

அதற்கு முன்னால் தயவுசெய்து ஒரு தடவை வாருங்கள். காலை ஒன்பது மணிக்குள் வந்தால் நல்லது. அப்புறம் பெரியம்மா ஆடு ஓட்டிக்கொண்டு போய்விடுவார். தகட்டையும் எடுத்துப் போகலாம்.

இப்படிக்கு,
கயிறு கட்டிய காட்டுக்காரி