எண்ணெய்ச் சட்டி வைத்தாயிற்று

பள்ளத்தூர்,
வைகாசி மாதம்

அன்புள்ள தெய்வானைக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. எழுத உட்கார்ந்தால் 'ஆயா, பசிக்குது' என்று ஒன்று வந்து நிற்கும். நேற்று விடியற்காலை பல்லவன் ரயிலில் பேரன் பேத்தி எல்லாரையும் ஏற்றி அனுப்பிவிட்டேன். மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். படி ஏறுகிறாயா, இல்லை இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டுதானா?

தனியாக எப்படிச் சமாளிக்கிறாய் என்று கேட்டிருந்தாய். வீட்டுக்காரரின் வருஷத் திதி மாசியில் முடிந்தது. அதுவரை இந்த வீட்டுப் படியேறியவர்கள் எல்லாரும் துக்கம் கேட்க வந்தவர்கள்தான். குறை சொல்லக் கூடாது, காபித்தூளைக்கூடக் கையோடு கொண்டுவந்தவர்கள் உண்டு. ஆனால் ஒருத்தரும் என்னை எழுந்திருக்க விடவில்லை. 'நீங்க உக்காருங்க ஆச்சி, நாங்க பாத்துக்கிறோம்.' உட்கார்ந்து உட்கார்ந்தே இடுப்புப் பிடித்துக்கொண்டது. வருகிற ஒவ்வொருத்தருக்கும் அந்தக் கடைசி ராத்திரியை முதலிலிருந்து சொல்ல வேண்டும். சொல்லிச் சொல்லி, யார் வீட்டிலோ நடந்ததைச் சொல்வது போல ஆகிவிட்டது.

மகள், 'இந்த வருஷம் நாங்க வரலை ஆத்தா, உனக்குச் சிரமம், நீ சென்னைக்கு வந்துடு' என்றாள். நான் கேட்கவில்லை. பிள்ளைகளை அனுப்பு என்றேன். அதே சமயம் முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கென்று பங்காளிகளும் வந்துவிட்டார்கள். வளவு முற்றத்தைச் சுற்றி இருக்கிற இரட்டை வீட்டு அறைகளைத் திறந்து கொடுக்க வேண்டும். சாவிக்கொத்து எப்போதும் அவர் இடுப்பில்தான் இருக்கும். எது எந்தப் பூட்டுக்கு என்று ஒரு சீட்டு எழுதி வைத்தாரா, மகராசன்! பேத்திதான் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதினாள். ஒரு சாவிக்கு மட்டும் பூட்டே அகப்படவில்லை. அதில் 'ஐயா' என்று எழுதி ஆணியில் மாட்டிவிட்டாள்.

அக்னி நட்சத்திர வெயிலில் வெளியே தலை நீட்ட முடியவில்லை. ஆனால் கட்டில், மெத்தை எதுவும் வேண்டாமென்று பட்டாலைக் கூடத்துத் தரையிலேயே புரண்டார்கள். சுண்ணாம்புச் சுவரும் ஆத்தங்குடிக் கல்லும் இருக்க ஏ.சி. எதற்கு? அந்தக் கல்லை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தே ஆக வேண்டும் என்றான் பேரன். ஆட்டோ வைத்து ஆத்தங்குடிக்குக் கூட்டிப்போனேன். கண்ணாடி மேல் அச்சை வைத்து, கலர் சிமெண்டுக் குழம்பைக் கட்டம் கட்டமாக ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, அப்புறம் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவதுதானாம், பாலிஷ் ஒன்றும் கிடையாது. இத்தனை வருஷம் அதன் மேலேயே நடந்திருக்கிறேன், எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

திதி முடிந்தும் எனக்குப் பலகாரம் சுட எண்ணெய்ச் சட்டி வைக்க மனம் வரவில்லை. பேத்தி வெள்ளைப் பணியாரம் கேட்டாள். உழக்கு நிறையப் பச்சரிசியைத் தலைதட்டி, அதன் மேலேயே கோபுரமாக உளுந்தைக் குமித்து அளந்து ஊறப்போட்டேன். கையளவு மறக்கவில்லை. இது ஒவ்வொன்றாகத்தான் ஊற்ற வேண்டும் என்பது உனக்குத் தெரியும். ஒரு கரண்டி மாவு, உப்பி மேலே வந்ததும் ஒரு திருப்பு, சிவக்கும் முன்னால் எடுத்துவிட வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள், 'ஐயாவுக்கு இது பிடிக்குமா ஆயா?' என்றாள்.

'பிடிக்கும். துவையல்ல காரம் பத்தலைன்னா திட்டுவாக.'

'என்ன சொல்லித் திட்டுவாக?'

அதெல்லாம் பிள்ளைகளிடம் சொல்லக் கூடியதா? ஆனாலும் சொன்னேன், பொரிபொரியென்று சிரித்தாள். தெய்வானை, எப்படிப் போனார் என்று ஊரே கேட்டது. எப்படி இருந்தார் என்று இவள் ஒருத்திதான் கேட்டாள்.

மற்ற வேலைகளும் ஓடுகின்றன. வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் எழுதிப் போட்டு, அலைந்து வாங்கிவிட்டேன். பேங்குக்கு ஓ.டி.பி. இன்னும் அவர் நம்பருக்குத்தான் வருகிறது, அதனால் அந்த போனுக்கு ரீசார்ஜ் பண்ணிக்கொண்டிருக்கிறேன். மாற்றிக் கொடுக்கிறேன் என்று மகள் சொல்கிறாள். பார்க்கலாம், அவசரமில்லை. மோட்டார் போடவும் கரண்ட் பில் கட்டவும் நானே பழகிவிட்டேன். ஓடு மாற்றுகிற செலவில் பங்காளிகளுக்குள் வழக்கம்போலச் சண்டை. அதற்காகவாவது நான் இங்கே இருக்க வேண்டும். சாயங்காலங்களில் அடுத்த தெருவுக்குப் போய் கொட்டான் கூடை முடையப் பழகுகிறேன். ஓலை விரலைக் கிழிக்கிறது, மூலை இன்னும் சரியாக மடங்க மாட்டேன் என்கிறது.

ஆடி பிறப்பதற்குள் நீ வா. திருச்சியில் பல்லவன் ஏறு. காரைக்குடிக்கு ராத்திரிதான் வந்து சேரும், ஸ்டேஷனுக்கு ஆட்டோ அனுப்புகிறேன். மாடி ஏற வேண்டாம், கீழேயே கட்டில் போட்டுவைக்கிறேன். கவுனி அரிசி இருக்கிறது. பழம், பிஸ்கட் என்று எதையும் தூக்கி வராதே, உன் மாத்திரைகளை மட்டும் மறக்காமல் எடுத்து வா. மற்றவை நேரில்.

உன்,
வள்ளியம்மை