சிவப்புக் குழாயைத் திற

கண்ணா,

போன ஜூலையில் பாட்டி வீட்டுக் குளியலறையில் நான் கையைச் சுட்டுக்கொண்டு கத்தினேனே, ஞாபகம் இருக்கிறதா? நீ ஓடி வந்து பார்த்துவிட்டு, "சிவப்புன்னா வெந்நீர்னுகூடத் தெரியாதாம்மா?" என்று சிரித்தாய். நானும் கூடச் சேர்ந்து சிரித்து மழுப்பிவிட்டேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கை எரிந்ததால் அல்ல.

இங்கே மஸ்கட்டில் மே பிறந்துவிட்டால் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் வெந்நீராகக் காய்ந்துவிடும். நீலக் குழாயைத் திறந்து நேராகத் தலையில் ஊற்றிக்கொள்ள முடியாது. அதனால் எல்லா வீட்டிலும் ஹீட்டர் சுவிட்சை அணைத்துப் போட்டுவிடுவார்கள். ஹீட்டர் வீட்டுக்குள், ஏசிக் குளிர் கொஞ்சம் எட்டுகிற இடத்தில்தானே தொங்குகிறது? ராத்திரி முழுக்க அதில் கிடக்கும் தண்ணீர் விடிவதற்குள் ஆறிவிடும். ஆக, சிவப்புக் குழாயில்தான் பச்சைத் தண்ணீர், நீலத்தில் வெந்நீர். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒருவர் குளித்து முடித்ததும் ஹீட்டரில் மறுபடி மாடித் தண்ணீர் நிரம்பிவிடும், அடுத்தவர் காத்திருக்க வேண்டும். காலையில் பாப்பாவுக்கும் அப்பாவுக்கும் சண்டையே இதில்தான்.

அந்தப் பழக்கத்தில்தான் அன்று என் கை தானாகச் சிவப்புக் குழாய்க்குப் போனது. நான் பிறந்து வளர்ந்த வீட்டில், இருபது வருஷம் நான் குளித்த அறையில். அதை நினைத்துத்தான் தூங்காமல் கிடந்தேன்.

போன வாரம் நீ போனில் கேட்டாய், "ஊருக்குத் திரும்பி வர இன்னும் எத்தனை மாசம்மா?" என்று. பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பாலே இல்லை. போனில் சொன்னால் நீ 'ம்' போட்டுக்கொண்டே இருப்பாய், எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும், விஷயம் பாதியில் நின்றுபோகும். அதனால்தான் இந்தக் கடிதம். முழுக்கப் படி.

வந்த புதிதில் நான் உன்னிடம் அழுததெல்லாம் பொய்யில்லை. பாலைவனம் என்றால் மணல் மேடும் ஒட்டகமும் என்று நினைத்து வந்தேன். இங்கே எங்கள் தார்சைட் பகுதியில் ஜன்னலைத் திறந்தால் புல்பூண்டு முளைக்காத பழுப்பு மலை, அதன் காலடியில் வெள்ளை வெள்ளையாகக் கட்டடங்கள். மணலைப் பார்க்க வேண்டுமானால் இரண்டு மூன்று மணி நேரம் வண்டியில் போக வேண்டும். முதல் ஒரு மாதம் அந்த மலையைப் பார்த்தாலே எனக்கு மூச்சு முட்டியது. ஒரு காக்கா உட்கார மரம் இல்லையே என்று அப்பாவிடம் புலம்பினேன். அவர், "இங்க காக்காவும் ஏசியிலதான் இருக்கும்" என்றார். அவருக்கு எல்லாமே விளையாட்டு.

வெயிலைவிட எனக்குப் பெரிய கஷ்டம் புழுக்கம்தான். கடலோரம் இல்லையா, ஜூலையில் ராத்திரி பத்து மணிக்கு வாசல் கதவைத் திறந்தால் இட்லிப் பானை மூடியைத் திறந்த மாதிரி முகத்தில் அடிக்கும், மூக்குக்கண்ணாடி வெள்ளையாக மூடிக்கொள்ளும். பக்கத்தில் குரய்யாத் என்று ஓர் ஊர். 2018 ஜூனில் அங்கே ஒரு முழு நாள், ராத்திரியும் சேர்த்து, வெப்பம் 42.6 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லையாம். உலகத்திலேயே அப்படி எங்கும் பதிவானதில்லை என்று பேப்பரில் வந்தது. திருச்சி வெயில் எனக்குப் பழக்கம்தான் என்று ஜம்பமாகச் சொல்லிக்கொண்டு வந்தவள் நான்.

முதல் வருஷம் ஜூன் மாதத்தில் ஒரு நாள் ராத்திரி ஏசி நின்றுவிட்டது. கட்டட உரிமையாளரின் ஆள், "காலையில் பார்க்கலாம்" என்று சொல்லி போனை அணைத்துவிட்டான். பாப்பாவை நனைத்த துண்டில் சுற்றிப் படுக்க வைத்தேன். கால் மணியில் துண்டும் சூடாகிவிட்டது. பன்னிரண்டு மணிக்குக் கதவைத் தட்டிய எதிர்வீட்டுச் சேச்சி ஒன்றும் கேட்கவில்லை. பாயைச் சுருட்டி எங்கள் கையில் இருந்து பிடுங்கிக்கொண்டு போய் அவர்கள் ஹாலில் விரித்துவிட்டார். அவர் வீட்டில் மூன்று ராத்திரி படுத்தோம். அரபு நாட்டுக்கு வந்து நான் கற்றுக்கொண்டது மலையாளம்தான், தெரியுமா உனக்கு? அரபியில் எனக்கு மொத்தம் பத்து வார்த்தை வரும், அதில் ஆறு காய்கறி.

கறிவேப்பிலைக்கு வழி சொன்னதும் அந்தச் சேச்சிதான். நான் வைத்த இரண்டு கன்றும் பால்கனி வெயிலில் கருகிவிட்டன. மூன்றாவதை சமையலறை ஜன்னலுக்கு உள்பக்கம் வைத்து, ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரை வாளியில் பிடித்து ஊற்றச் சொன்னார். இப்போது அது என் இடுப்பு உயரம். கிள்ளித் தாளிக்கும்போது ஒரு திமிர் வருகிறது எனக்கு.

அப்பாவுக்கு வேலை கஷ்டம்தான், உன்னிடம் காட்டிக்கொள்ள மாட்டார். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பகல் 12.30-லிருந்து 3.30 வரை வெட்டவெளியில் யாரையும் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம். அதனால் சைட் விடியுமுன்பே தொடங்கிவிடும். நாலு மணிக்கு எழுந்து கிளம்புகிறார். பள்ளிக்கூடத்துக்கு வெள்ளி, சனி லீவு. அப்பாவுக்கு வெள்ளி மட்டும். நீ ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகப் பத்து மணிக்குக் கூப்பிடுகிறாய், இங்கே அப்போது எட்டரை, எங்களுக்கு அது திங்கட்கிழமை மாதிரி. நான் வள்ளென்று பேசினால் அதுதான் காரணம், உன்மேல் கோபமில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ரெசிடென்ட் கார்டு இந்த மாதத்தோடு முடிகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்குப் புதுப்பிக்கிறோம். அப்பா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். திருச்சி வீட்டில் குடியிருக்கிறவர்களிடமும் தொடரச் சொல்லிவிட்டோம். அதாவது, உன் அறை இன்னும் இரண்டு வருஷத்துக்கு உனக்கு இல்லை. உன் கிரிக்கெட் மட்டையும் புத்தகப் பெட்டிகளும் பாட்டி வீட்டுப் பரணிலேயே கிடக்கும்.

அப்பாமேல் பாயாதே. அவர் என்னிடம்தான் கேட்டார், "போயிடலாமா?" என்று. வேண்டாம் என்று சொன்னது நான்.

வீட்டுக் கடன் இருக்கிறது, பாப்பா ஒன்பதாம் வகுப்பு போகிறாள் என்றெல்லாம் காரணம் சொல்லலாம். அவையும் உண்மைதான். ஆனால் உன்னிடம் ஒளிக்கப் போவதில்லை. எனக்கு இங்கே பிடித்துவிட்டது.

நான் லைசென்ஸ் எடுத்துவிட்டேன். இரண்டு மாதம் ஆகிறது, உன்னிடம் சொல்லவில்லை. திருச்சியில் ஸ்கூட்டிகூடத் தொடாதவள், எங்கே போனாலும் உன் அப்பா பின்னாலோ உன் பின்னாலோ ஒருபக்கமாக உட்கார்ந்து போனவள். கற்றுக்கொடுத்தவர் ஓர் ஓமானிப் பெரியவர். அவருக்கு இந்தி வரும், எனக்கு வராது, இரண்டு பேரும் கையாலேயே பேசிக்கொண்டோம். இங்கே வண்டிக்கு ஸ்டியரிங் இடது பக்கம். முதல் ஒரு வாரம் நான் தினமும் தப்பான பக்கத்துக் கதவைத்தான் திறந்தேன், அவர் ஒவ்வொரு நாளும் சிரித்தார். இங்கே முதலில் டிரம் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. பீப்பாய்களுக்கு நடுவே வண்டியை ரிவர்ஸில் நுழைத்து நிறுத்த வேண்டும். ஒரு பீப்பாயில் உரசினாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அப்புறம் மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுக்க வேண்டும். கடைசியில் போலீஸ்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ரோட்டில் ஓட்ட வேண்டும். அந்த ரோட்டு டெஸ்டில் இரண்டு தடவை தோற்றேன். ரவுண்டானாவில் உள்ளே சுற்றுகிற வண்டிக்கு வழி விட வேண்டும் என்பது மண்டையில் ஏறவே இல்லை. நம் ஊரில் யார் துணிச்சலாக நுழைகிறார்களோ அவர்களுக்குத்தானே வழி! மூன்றாவது தடவை அந்த அதிகாரி ஒன்றுமே பேசாமல் இறங்கி, கட்டைவிரலை மட்டும் உயர்த்திக் காட்டினார். வண்டிக்குள்ளேயே அழுதேன்.

போன வெள்ளிக்கிழமை பாப்பாவையும் சேச்சியையும் ஏற்றிக்கொண்டு முத்ரா கடற்கரை ரோட்டில் நானே ஓட்டிக்கொண்டு போனேன். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் அந்த மொட்டை மலை. எனக்கு மூச்சு முட்டவில்லை. இறங்கி டீ குடித்தோம். காசு கொடுக்கும்போதுதான் கவனித்தேன், அது எத்தனை ரூபாய் என்று நான் பெருக்கிப் பார்க்கவில்லை. வந்த புதிதில் ஒரு கட்டு முருங்கைக்காயின் ரியால் விலையை இருநூற்றுச் சொச்சத்தால் பெருக்கிப் பார்த்து, வாங்காமலே திரும்பி வந்தவள் நான்.

"அது உங்க வீடு, என் வீடு இல்ல" என்று தீபாவளி சமயத்தில் சொன்னாய். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நீ சொன்னது சரிதான். நாங்கள் மூன்று பேரும் ஒரு பக்கம் வந்துவிட்டோம், உன்னை விடுதியில் விட்டுவிட்டோம். அது எனக்கு உறுத்தாத நாளில்லை. அதற்காக, எனக்கு இங்கே பிடிக்கவில்லை என்று உன்னிடம் நடித்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை.

ஜூன் லீவில் வருகிறேன் என்றாயே, வா. டிசம்பர்தான் நல்லது, மலையெல்லாம் ஏறலாம் என்று அப்பா சொல்லச் சொன்னார். அதைக் கேட்காதே, உனக்கு எப்போது லீவோ அப்போது வா. டிக்கெட்டை மட்டும் இப்போதே போட வேண்டும், இங்கேயும் அப்போது பள்ளி விடுமுறை என்பதால் விலை எகிறிவிடும். பாட்டியிடம் ரசப்பொடி மட்டும் வாங்கி வா. ஊறுகாய் வேண்டாம், போன தடவை பெட்டியெல்லாம் எண்ணெய்.

விமான நிலையத்துக்கு அப்பா வர மாட்டார். நான் வருவேன். நீ முன் சீட்டில் என் வலது பக்கம் உட்கார வேண்டும், டிரைவர் கதவைத் திறந்துவிடாதே. பகல் விமானமாக இருந்தால் சீட் பெல்ட்டின் இரும்புக் கொக்கியைத் துண்டால் பிடி, வெயிலில் நின்ற வண்டியில் அது பழுக்கக் காய்ந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் குளிக்க ஓடுவாய். அன்று காலை நாங்கள் யாரும் அந்தக் குளியலறைக்குள் போக மாட்டோம், ஹீட்டர் தண்ணீர் முழுக்க உனக்குத்தான். சிவப்புக் குழாயைத் திற.

அம்மா