நீர்ப்பூதத்தை அழ வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் சிறுவர் இணைப்பில் வரும் விலங்குத் தொடர்கதையைப் பற்றி இரண்டு வாரங்களுக்கு முன் ஒரு தாய் எழுதியிருந்தார். வயலெலியும் அணிலும் உடும்பும் சேர்ந்து ஊர் தேடிப் போகும் கதை அது. ஏரிக்குள்ளிருந்து பூதம் கிளம்பிய அத்தியாயத்தைப் படித்த நாளிலிருந்து தன் மகன் தனியாகப் படுக்க மறுக்கிறான், குழந்தைகள் பக்கத்தில் இப்படிப்பட்ட பூதங்கள் வேண்டாம் என்று அவர் கேட்டிருந்தார். இந்த வாரம் பார்த்தால் பூதம் அழுகிறது. தனக்கு நண்பர்களே இல்லையாம், பாசியைத் தவிர வேறெதுவும் தின்றதில்லையாம். எலி அதன் கண்ணீரைத் துடைக்கிறது. எல்லோரும் ஏரியில் இறங்கிக் குளிக்கிறார்கள்.

அந்தத் தாயின் கவலை நியாயமானது. குழந்தை தூங்காமல் கிடந்தால் எந்த வீட்டிலும் நிம்மதி இருக்காது. ஆனால் அதற்குக் கண்டுபிடித்த மருந்துதான் எனக்குச் சரியாகப் படவில்லை. பூதத்தைச் சாதுவாக்கியதால் கதையும் கெட்டது, ஏரியைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஒரு தவறான செய்தியும் போய்விட்டது.

நான் கானாடுகாத்தான் பக்கத்தில் ஊர்ப்புற நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள். சனிக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டுப் பட்டாலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை உட்கார வைத்துக் கதை வாசிக்கிறேன். உங்கள் தொடரையும் முதல் அத்தியாயத்திலிருந்து அங்கே வாசித்து வருகிறோம். அந்தப் பையனுக்கு வந்த பயம் எங்கள் பிள்ளைகளுக்கும் வந்தது. எந்த இடத்தில் வந்தது என்று கவனித்தேன். பூதம் தண்ணீருக்குள் இருந்தவரை எல்லோரும் வாயைப் பிளந்து ரசித்தார்கள். அது தன் நீண்ட கழுத்தைக் கரை தாண்டி நீட்டி, மேட்டில் இருந்த எலி வளைக்குள் தலையை விட்டதே, அங்கேதான் ஒரு சின்னப் பெண் என் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டாள். "அப்ப வீட்டுக்கும் வருமா ஆச்சி?" என்று கேட்டாள். தூங்குகிற வளைக்குள் வர முடிந்த பூதத்துக்குப் படுக்கையறைக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? குழந்தை சரியாகத்தான் யோசித்தது. நீர்ப்பூதம் நீரை விட்டு வெளியே வந்ததுதான் தவறு. தவறு அங்கே இருக்க, அழ வைத்து எப்படிச் சரிசெய்ய முடியும்?

இந்த விஷயத்தில் நம் பழைய கதைகள் கண்டிப்பானவை. ஆழமான நீரில் முதலை எதையும் வெல்லும், நீரை விட்டு விலகினால் மற்றவை அதை வென்றுவிடும் என்று 495ஆம் குறள் சொல்கிறது. பாகவதத்தில் யானையும் முதலையும் ஆயிரம் ஆண்டுகள் இழுத்துக்கொண்டு நின்றன. யானை நாளுக்கு நாள் தளர்ந்தது, முதலைக்குப் பலம் கூடிக்கொண்டே போனது, ஏனென்றால் சண்டை நடந்த இடம் முதலையின் வீடு. அந்த யானை முற்பிறவியில் ஒரு பாண்டிய அரசன் என்பதால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதன் மேல் தனிப் பிரியம். பஞ்சதந்திரத்து முதலை குரங்கோடு நாவல் பழம் தின்று சிநேகமாக இருந்தது. அப்படியிருந்தும் முதுகில் ஏற்றி நடுத்தண்ணீருக்குக் கொண்டுபோனதும், என் மனைவிக்கு உன் இதயம் வேண்டும் என்று கேட்டுவிட்டது. பேசும், பழகும், குடும்பம் நடத்தும், ஆனாலும் அது முதலைதான்.

எல்லாவற்றையும்விட நான் உயர்வாக நினைப்பது புத்த ஜாதகக் கதைகளில் 20ஆவதாக வரும் நளபான ஜாதகம். போதிசத்துவர் அதில் குரங்குகளின் தலைவர். தெரியாத குளத்தில் என்னைக் கேட்காமல் வாய் வைக்காதீர்கள் என்று கூட்டத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறார். ஒருநாள் தாகத்தோடு ஒரு குளத்தங்கரைக்கு வந்த குரங்குகள் அவருக்காகக் காத்திருக்கின்றன. அவர் வந்து குளத்தைச் சுற்றி நடந்து மண்ணைப் பார்க்கிறார். இறங்கிய காலடிகள் இருக்கின்றன, ஏறிய காலடி ஒன்றுகூட இல்லை. பூதம் ஒன்று குடியிருக்கிறது என்று புரிந்துகொள்கிறார். அதுவும் வெளிப்படுகிறது. நீல வயிறு, வெளுத்த முகம், சிவப்புக் கைகால்கள். நீரில் இறங்குகிறவர்களை மட்டுமே அதனால் பிடிக்க முடியும். அதற்கான சட்டம் அது. உடனே குரங்குகள் கரையில் இருந்த நாணலை ஒடித்து, அதைக் குழலாக்கி, கரையில் உட்கார்ந்தபடியே உறிஞ்சிக் குடிக்கின்றன. யாரும் பூதத்தைக் கொல்லவில்லை, யாரும் அதோடு நட்பும் கொள்ளவில்லை. தாகம் தீர்ந்தது, பூதம் அதன் இடத்திலேயே இருக்கிறது.

இந்தக் கதையைச் சொன்ன அன்று எங்கள் பட்டாலையில் இருந்த சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். "அது தூங்குறப்ப இறங்கலாமா?" "கால் விரலை மட்டும் வச்சா?" "வால் தண்ணியில பட்டா?" பூதத்தால் எது முடியும், எது முடியாது என்று அரைமணி நேரம் வழக்காடினார்கள். வால் பட்டால் பிடிக்கும் என்பது பெரும்பான்மைத் தீர்ப்பு. அன்று யாரும் என் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்ளவில்லை.

இனி படத்தைப் பற்றி. உங்கள் ஓவியர் நல்ல கைகாரர், அணிலின் முதுகுக் கோடுகளில் ஒவ்வொரு மயிரும் தெரிகிறது. ஆனால் பூதத்துக்கு அவர் வரைந்தது ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரிப் பூதத்தின் கழுத்து. அந்த ஏரி சுமார் 36 கிலோமீட்டர் நீளம், 230 மீட்டர் அளவுக்கு ஆழம், உள்ளே பார்வை போகாத கறுத்த குளிர்ந்த நீர். அங்கே நீண்ட கழுத்து நியாயமாக இருக்கிறது. 1933இல் அந்தப் பேச்சு செய்தித்தாள்களில் பரவியது. அடுத்த ஆண்டு வெளியாகி உலகம் முழுக்கப் போன கழுத்துப் படம், விளையாட்டு நீர்மூழ்கிக் கப்பலில் பொம்மைத் தலை பொருத்தி எடுத்தது என்று 1994இல் வெளியே வந்தது. பின்னால் அந்த ஏரி நீரின் மரபணுக்களைச் சோதித்த விஞ்ஞானிகள், பெரிய ஊர்வன எதற்கும் தடயம் இல்லை, விலாங்கு மீனின் தடயம்தான் ஏராளம் என்று 2019இல் அறிவித்தார்கள். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிற அந்த விலாங்கு இத்தனை காலம் உலகத்துக்கே கழுத்தைக் காட்டியிருக்குமோ என்று எனக்கு ஒரு எண்ணம். அது கிடக்கட்டும். அந்தக் கழுத்தை எங்கள் ஊருணியில் கொண்டுவந்து வைத்தால் உடம்பு எங்கே இருக்கும்?

செட்டிநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. மணிமுத்தாறு மழைக்கு ஓடும், பிறகு மணல்தான். எங்களுக்குத் தண்ணீர் என்றால் ஊருணியும் கண்மாயும். ஐப்பசி கார்த்திகையில் நிறைந்து, சித்திரை வைகாசியில் வெடித்துக் கிடக்கும் நீர் இது. இதில் வாழும் பூதம் கோடையில் எங்கே போகும் என்று ஒரு பையன் கேட்டான். இன்னொருவன், சேற்றுக்குள்ளே போய்ப் படுத்துக்கும் என்றான். விரால் மீன் அப்படித்தான் கோடையைக் கழிக்கிறது, அவன் தாத்தா சேற்றைத் தோண்டிப் பிடித்ததைப் பார்த்திருக்கிறான். இப்படித்தான் பூதம் பிறக்க வேண்டும்.

என் அப்பத்தா சொன்ன கீரிப்பிள்ளைக் கதையை இங்கே எழுத வேண்டும். கண்மாய்க் கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, தண்ணீருக்கு நடுவே இரண்டு கல் தூண்கள் நிற்குமே, அது குமிழி மடை. அடியில் ஒரு துளையும் அதை அடைக்கும் கல்லும் உண்டு. மடையைத் திறந்து மூடும் நீர்ப்பாய்ச்சி வந்து அடைப்பைத் தூக்கினால் தண்ணீர் அந்தத் துளையில் இறங்கி, கரைக்கு அடியில் போய் வயற்பக்கம் வெளிவரும். மேலே பார்த்தால் ஒரு சின்னச் சுழி தெரியும், அவ்வளவுதான். அடியில் இருக்கும் இழுப்போ வளர்ந்த ஆளையே பிடித்து வைத்துக்கொள்ளும்.

அப்பத்தாவின் கதையில் தாய்க்கீரி தன் குட்டிகளிடம் சொல்லும்: "குமிழிக்குள்ள ஒண்ணு படுத்திருக்கு. அதுக்குக் கண்ணு கிடையாது, காலு கிடையாது, வாய் மட்டும்தான். கரைக்கு வரத் தெரியாது. அது மூச்சை உள்ள இழுக்குறப்ப மேல சுழி விழும். சுழியக் கண்டா ஓடி வந்துடணும்." மூத்த குட்டிக்குத் தூணில் உட்கார்ந்திருக்கும் தவளை மேல் ஆசை. நீந்திப் போகும். சுழி விழும். அது திரும்பி வராது. நாங்கள் எவ்வளவு கெஞ்சியும் அப்பத்தா ஒருநாளும் அந்தக் குட்டியைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. தாய்க்கீரி மிச்சக் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு கரையோரமாகவே நடந்து போவதோடு கதை முடியும்.

மடையின் இழுப்புக்குக் கண் இல்லை, கால் இல்லை, வாய் மட்டும் உண்டு, கரைக்கு வராது. அப்பத்தா பள்ளிக்கூடம் போகாதவர். ஒரு மடை எப்படி வேலை செய்கிறது என்பதை எங்கள் காலுக்குப் புரிய வைத்துவிட்டார். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாரும் அந்தத் தூண்கள் பக்கம் போனதில்லை.

இப்போது கண்மாய்களில் வேறொரு ஆபத்து வந்திருக்கிறது. மண் அள்ளிய பள்ளங்கள் ஆங்காங்கே கிடக்கின்றன. மழை பெய்து நிறைந்த பிறகு மேலே எல்லாம் ஒரே தண்ணீர். முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு அடுத்த எட்டில் ஆள் ஆழம். அதனால் நேரும் சாவுகளை உங்கள் நாளிதழே எத்தனையோ முறை வெளியிட்டிருக்கிறது. குமிழிக்கு ஒரு பூதம் இருந்தது, இந்தப் பள்ளங்களுக்கு இன்னும் ஒன்றும் பிறக்கவில்லை. வயலெலிகளும் அணில்களும் போகும் உங்கள் கதையில் அது பிறக்கட்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். நகராமல் காத்திருக்கும், ஒரே இடத்தில் வாயைத் திறந்து வைத்திருக்கும், மேலே தண்ணீரைப் போர்வையாகப் போர்த்தியிருக்கும் பூதம். இதற்குக் கழுத்து எதற்கு?

விலங்குக் கதைக்கு இன்னொரு வசதி உண்டு, அது எனக்கு மிகவும் பிடித்தது. கதாநாயகன் சிறியவன். எலிக்குப் பூதம் ஆவதற்கு ஒரு பெரிய விரால் போதும். பார்ப்போடு, அதாவது குஞ்சுகளோடு, இருக்கும் விரால் எப்படிப்பட்டது என்று கண்மாயில் இறங்கியவர்களுக்குத் தெரியும். செக்கச் சிவந்த குஞ்சுகள் பந்து போலக் கூட்டமாக நகர, கீழே தாய் தந்தை காவல் இருக்கும், பக்கத்தில் எது வந்தாலும் பாயும். அதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது, அழாமலே அதன் மேல் நமக்கு மரியாதை வருகிறது. நிஜமாகவே அந்நியப் பூதம் வேண்டுமென்றால் ஆப்பிரிக்கக் கெளுத்தி இருக்கிறது. ஒரு மீட்டருக்கு மேல் வளரும், மற்ற மீன்களைத் தின்று தீர்க்கும், காற்றைச் சுவாசிக்கும், ஈரத் தரையில் ஊர்ந்து அடுத்த குட்டைக்குப் போகும். 2000ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு அதை வளர்க்கத் தடை விதித்தும் நாட்டின் பல நீர்நிலைகளில் அது புகுந்துவிட்டது. கரையேறும் பூதம் எழுதியே ஆக வேண்டும் என்றால் இதை எழுதலாம், அதுவும் ஈரம் உள்ளவரைதான் வரும்.

கெண்டைக் குஞ்சைக் கதாநாயகனாக வைத்தால் பூதம் மேலேயிருந்து வரும். கொக்கின் அலகு வரும், நீர்க்காகம் வரும், கோடை மீன்பிடியில் ஊர் முழுக்க இறங்கி ஊத்தா என்ற மீன்பிடிக் கூடையைக் குத்தும்போது வானமே கூண்டாக இறங்கும். இதை எங்கள் பிள்ளைகள் நடித்தே காட்டினார்கள். ஊத்தா பிடிக்கிறவனாக நடிக்க மட்டும் ஒருவரும் முன்வரவில்லை, கடைசியில் நான்தான் நின்றேன்.

ராயவரத்தில் பிறந்து குழந்தைகளுக்காகவே எழுதிய அழ. வள்ளியப்பா நடந்த மண் இது. அதனால்தான் உரிமையோடு கேட்கிறேன். தொடரை எழுதுகிறவர் அடுத்த அத்தியாயத்திலேயே பூதத்தின் கண்ணீரைத் துடைத்து அதைத் தண்ணீருக்குள் அனுப்பிவிடட்டும். அது கரைக்கு வர முடியாது என்பதை எலியே ஏதாவது ஒரு வழியில் கண்டுபிடிக்கட்டும், மண்ணில் காலடி பார்த்தாவது. எழுதிய அந்தத் தாய்க்கும் ஒரு வேண்டுகோள்: உங்கள் மகனுக்கு நளபானக் கதையைப் பகல் நேரத்தில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். பூதத்தால் என்னவெல்லாம் செய்ய முடியாது என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள்.

உங்கள் ஓவியர் கார்த்திகையில் இந்தப் பக்கம் வந்தால் நிறைந்த கண்மாயைக் காட்டுகிறேன். எங்கள் ஊர் நீர்ப்பாய்ச்சி குமிழியைப் பற்றிப் பொறுமையாகச் சொல்லுவார். கரையில் நின்று வரைய மர நிழலும் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஊர்ப்புற நூலகர்,
கானாடுகாத்தான் வட்டாரம்,
சிவகங்கை மாவட்டம்.