முதல் லெவலில் சாகட்டும், விடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடை விடுமுறை விளையாட்டுகள் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பல்லாங்குழி, தாயம் எல்லாம் சொல்லிவிட்டு, ஆளுக்கொரு கேரக்டர் எடுத்து ஆடும் மேசை விளையாட்டுக்கும் அரைப் பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். சந்தோஷம். ஆனால் அந்த அரைப் பத்தியில் ஒரு யோசனை: பிள்ளையின் கேரக்டர் சாகிற மாதிரி வந்தால், நடத்துகிற பெரியவர் பகடையை மறைத்து உருட்டி, எண்ணை மாற்றிச் சொல்லிக் காப்பாற்றிவிட வேண்டுமாம். இதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

வில்லாபுரத்தில் என் வீட்டு மாடியில் ஞாயிறு சாயங்காலம் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்துகிறேன். நீங்கள் சொன்ன அந்த வகைதான்: ஒருவர் கதையைச் சொல்லி நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டராகப் புதையல் தேடிப் பாதாள அறைகளுக்குள் போவார்கள். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் கொண்டுவந்த விளையாட்டு. நாங்கள் ஆடுவது 1981-இல் வந்த பேசிக் பதிப்பின் விதி. இப்போதைய பதிப்புகள் மாதிரி செல்லம் கொடுக்காது. முதல் லெவல் மந்திரவாதிக்கு நான்குமுகப் பகடை ஒன்று, அதில் விழுகிற எண்தான் அவன் உயிர். போர்வீரனுக்கு எட்டுமுகம். எதிரே வரும் கோப்ளின் என்கிற குட்டிச் சனியனின் ஒரே அடி ஆறு வரை போகும். உயிர் பூஜ்யத்துக்கு வந்தால் ஆள் காலி, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூடப் போக முடியாது.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பையனின் மந்திரவாதி இப்படித்தான் போனான். உயிர் இரண்டு. நாளுக்கு ஒரே ஒரு மந்திரம், அதுவும் தூங்க வைக்கிற மந்திரம், ஒரு கோப்ளின் கூட்டத்தையே சாய்க்கக்கூடியது. அதைச் சொல்லாமல் கத்தியை உருவிக்கொண்டு முதல் ஆளாக ஓடினான். அவ்வளவுதான், கதை முடிந்தது. மறுநாள் காலையில் அவன் அம்மா வாசலில் நின்று, "என்னண்ணே, பிள்ளையை அழ வச்சு அனுப்புறீங்க, ஒரு நம்பரை மாத்திச் சொன்னா என்ன குறைஞ்சா போயிரும்" என்று கேட்டார். உங்கள் கட்டுரையாளர் கேட்பதும் அதேதான்.

குறைந்துபோகும், அதுதான் விஷயம். பரமபதத்தில் பாம்பு வாயில் காய் விழுந்தால் யாரும் எதுவும் செய்ய முடியாது, கட்டை சொன்னதுதான். எங்கள் விளையாட்டில் பகடையை உருட்டலாமா வேண்டாமா என்பதையே பிள்ளைதான் முடிவு பண்ணுகிறான். கவசம் இல்லாதவனை அடிக்கக் கோப்ளினுக்கு இருபதுமுகப் பகடையில் 10 விழுந்தால் போதும். தகட்டுக் கவசம் போட்டவனை அடிக்க 16 வேண்டும். அந்தக் கவசம் 60 பொற்காசு, கையில் தொடங்கும் காசு சராசரியாக நூற்றுச் சொச்சம். ஆக, கடைக்குப் போகும்போதே பாதி உயிர் தீர்மானமாகிவிடுகிறது. இதை நான் சொல்லிக் கொடுத்தால் ஏறாது. இரண்டு பேர் செத்த பிறகு தானாக ஏறுகிறது.

அப்புறம், இந்த விளையாட்டில் சண்டை போட்டால்தான் முன்னேறலாம் என்று வெளியே இருந்து பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். கணக்குப் பாருங்கள். போர்வீரன் இரண்டாம் லெவலுக்குப் போக 2000 புள்ளி வேண்டும். ஒரு கோப்ளினைக் கொன்றால் 5 புள்ளி, அதையும் கூட்டாளிகளோடு பங்கு போட வேண்டும். தனியாளாகவே கொன்றாலும் 400 கோப்ளின். அதே சமயம் பத்திரமாக வெளியே கொண்டுவந்த ஒவ்வொரு பொற்காசுக்கும் ஒரு புள்ளி. காவல் நிற்கிறவனைத் தொடாமல் பின்பக்கமாகப் போய் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவன்தான் கெட்டிக்காரன். (திருட்டைக் கற்றுக்கொடுக்கிறீர்களா என்று அடுத்த கடிதம் வரும், தெரியும்.)

எதிரே ஒரு கூட்டம் வந்தால் உடனே அடிக்க வருவார்கள் என்பதும் இல்லை. இரண்டு ஆறுமுகப் பகடை உருட்டி அவர்கள் மனநிலையைப் பார்க்க வேண்டும். எடுத்த எடுப்பில் பாய்வது இரண்டுமே ஒன்று விழுந்தால்தான், அதாவது 36-இல் ஒரு வாய்ப்பு. மற்ற நேரமெல்லாம் பேச இடம் இருக்கிறது. பேச்சில் நம்ம ஊர்ப் பிள்ளைகளை யார் ஜெயிப்பது? பேரம் பேசிப் பேசியே ஒரு தடவை கோப்ளின்களிடமே வழி கேட்டுப் போய்விட்டார்கள். பேச்சு எடுபடாவிட்டால் ஓட்டம். துரத்துகிற மிருகத்துக்கு முன்னால் தின்பண்டத்தைப் போட்டால் பாதிக்குப் பாதி அது நின்றுவிடும் என்று விதியிலேயே இருக்கிறது. விதிப் புத்தகத்தில் காய்ந்த ரொட்டி மாதிரி ஏதோ போட்டிருக்கிறது, எங்கள் பிள்ளைகள் சாமான் பட்டியலில் பரோட்டா என்று எழுதிக்கொள்கிறார்கள், நானும் விட்டுவிட்டேன்.

ஓடுவது கோழைத்தனம் இல்லையா என்று அந்தப் பையனின் அப்பா கேட்டார். அவனியாபுரம் பக்கத்தில் குடியிருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? பேர் போன காளை வருகிறது என்று மைக்கில் சொன்னதும் தடுப்புக் கட்டையில் ஏறி நிற்கிற மாடுபிடி வீரரை அங்கே யாராவது கோழை என்கிறார்களா? அடுத்த மாட்டுக்கு இறங்கி வருகிறார், அவ்வளவுதான்.

நான் எண்ணை மாற்றிச் சொன்னால் இது எல்லாமே வீண். எப்படியும் மாமா காப்பாற்றிவிடுவார் என்று தெரிந்த பிள்ளை எதற்குக் கவசம் வாங்குவான், எதற்குக் கதவில் காது வைத்துக் கேட்பான்? அதனால் எங்கள் மாடியில் எல்லாப் பகடையும் பாய் நடுவில், எல்லார் கண் முன்னாலும்தான் விழும். அதற்குப் பதிலாக ஒன்று செய்கிறேன்: ஆபத்தை ஒளிப்பதில்லை. சுவரில் ரத்தக் கறை, தரையில் எலும்பு, நாற்றம், எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். அதற்கு மேலும் காலை விட்டால் அது அவர்கள் பாடு. செத்தவனுக்குப் புது ஆள் எழுதப் பத்து நிமிஷம்கூட ஆகாது, அன்றைக்கே திரும்ப உள்ளே வந்துவிடலாம்.

அழுதுகொண்டு போன பையன் அடுத்த ஞாயிறு எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தான். இந்தத் தடவை போர்வீரன். கையில் 70 காசுதான் விழுந்தது. தகட்டுக் கவசம், இரண்டு குப்பி எண்ணெய், ஐம்பதடிக் கயிறு, தீப்பந்தம் ஆறு, தரையைத் தட்டிப் பார்க்கப் பத்தடிக் கம்பு (அவன் எழுதியிருந்தது "தொரட்டி"), மிச்சக் காசுக்குப் பரோட்டா. எல்லாம் சரி, வாள் எங்கேடா என்றேன்.

"அதுக்குக் காசு பத்தல மாமா."

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வில்லாபுரம், மதுரை.