உன் டிராக்கின் சப் பேஸ் பற்றி

அன்பு நண்பா,

நலம்தானே? வீடு மாறிய அலைச்சல் ஒருவழியாக ஓய்ந்தது. புது அறை சின்னதுதான், ஆனால் இரவில் யாருக்கும் தொந்தரவு இல்லாமல் வேலை செய்ய முடிகிறது. உன் மகள் கீபோர்டு கற்க ஆரம்பித்திருக்கிறாள் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம்.

நீ அனுப்பிய டிராக்கைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். மெலடி மனசில் அப்படியே நிற்கிறது. சப் பேஸை, அதாவது அடியாழத்து பேஸ் ஒலியை, எவ்வளவு ஏற்றினாலும் எடுபடவில்லை என்று எழுதியிருந்தாய். என்னைக் கேட்டால், இனியும் ஏற்றாதே. என் ஹெட்போனில் அது தாராளமாகவே இருக்கிறது, ஒலி உச்சத்தை மீறாமல் தடுக்கும் லிமிட்டர்தான் மூச்சுத் திணறுகிறது.

சந்தேகம் உன் அறை மேல். நான்கு மீட்டர் நீளம் இருக்கும், இல்லையா? அந்த நீளத்துக்கு 43 ஹெர்ட்ஸ் பக்கம், எதிரெதிர்ச் சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலியால் ஒரு நிலை அலை உருவாகும். சுவரோரம் பேஸ் பெருத்துக் கேட்கும், நடுவில் கிட்டத்தட்ட காணாமல் போகும். நீ உட்காருவது நட்டநடுவில். உன் பாட்டின் ஆதார ஸ்வரமோ எஃப், கீழே 43.65 ஹெர்ட்ஸ். அப்புறம் எப்படிக் கேட்கும்? நாற்காலியை முன்சுவரிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்துக்கு நகர்த்திப் போட்டுக் கேட்டுப் பார். அதிர்வெண்வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவைத் தொடுவதெல்லாம் அதற்குப் பிறகு.

அடுத்தது கிக், அதாவது பேஸ் டிரம் அடி. அதன் வால், அடிக்குப் பின் நீளும் ஒலி, 50 ஹெர்ட்ஸ் பக்கம் நீண்டு, சப் ஒலிக்கும் இடத்திலேயே வந்து விழுகிறது. 808 டிரம் மெஷினின் நீண்ட கிக் எனக்கும் உயிர்தான், அதை ஸ்வரத்துக்கு இழுத்து பேஸாகவே வாசித்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் தனியாக ஒரு சப் இருக்கும்போது இரண்டும் ஒரே இடத்துக்கு மோதக் கூடாது. கிக்கின் வாலைக் குறுக்கு, இல்லாவிட்டால் சைட்செயின் போட்டு கிக் விழும்போது சப்பைத் தணி.

அலைவடிவத்தைப் பெரிதாக்கியும் பார்த்தேன். உன் சப்பின் சைன் அலை ஒவ்வொரு நோட்டிலும் வெவ்வேறு இடத்தில் தொடங்குகிறது. 50 ஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்கு 20 மில்லிசெகண்டு, அதில் பாதி விலகினாலே கிக்கும் சப்பும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒரு அடி கனமாகவும் அடுத்தது மெலிந்தும் விழுவது இதனால்தான். ஒவ்வொரு நோட்டும் அலையின் ஒரே இடத்தில் தொடங்க, சிந்தசைசரில் ஃபேஸ் ரீட்ரிக்கரைப் போட்டு விடு. சப்பின் போலாரிட்டியை, அதாவது அலையை மேல்கீழாக, ஒருமுறை திருப்பியும் கேள், எது கனமாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்.

ஃபோனில் பேஸ் கேட்கவில்லை என்று நீ எழுதியிருந்தது வேறு விஷயம். சுத்தமான சைன் அலையில் இருப்பது ஒரே அதிர்வெண், அவ்வளவு கீழே ஃபோன் ஸ்பீக்கர் ஒலிக்காது. கொஞ்சம் சாச்சுரேஷன், அதாவது இதமான சிதைவு, சேர்த்தால் மேலே 87, 131, 175, 218 ஹெர்ட்ஸ் என்று அடி ஸ்வரத்தின் மடங்குகளான ஹார்மோனிக்ஸ் கிளம்பும். அவற்றில் சில கேட்டால் போதும், அடி ஸ்வரத்தைக் காதே நிரப்பிக்கொள்ளும். எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த விஷயம் இதுதான். சாச்சுரேஷன் தரும் அந்த அழுக்கைத் தனி டிராக்கில் வைத்து, அதன் கீழ்ப்பகுதியை வெட்டி, அளவாகக் கலந்துவிடு. அடியில் உள்ள சைன் சுத்தமாகவும், இடம் வலம் பிரியாத மோனோவாகவும் இருக்கட்டும்.

கிக் தனி, சப் தனி ஃபைலாக அனுப்பு. நானும் கொஞ்சம் உருட்டிப் பார்க்கிறேன். மகள் என்ன வாசிக்கிறாள் என்றும் எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்