எதிர்காற்றுக்கு ஒரு கணக்கு

அன்புள்ள மச்சான்,

மகள் கல்யாண வேலையெல்லாம் ஓய்ந்து இப்போதுதான் மூச்சு விட்டிருப்பாய். இங்கே எல்லோரும் சௌக்கியம்.

போன வெள்ளிக்கிழமை நம்ம கணக்கு வாத்தியாரும் நானும் சைக்கிளிலேயே காவலூர் வானாய்வகம் வரை போய் வந்தோம். அணைக்கட்டு, ஒடுகத்தூர், ஆலங்காயம் என்று ஏறி, வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக வேலூர் திரும்பினோம். வாத்தியார் பள்ளிக்கு லீவு போட்டான். என்ன காரணம் எழுதிக் கொடுத்தான் என்று மட்டும் கேட்காதே.

விடியற்காலை கிளம்பும்போது தைப்பனியில் பிரேக் பிடிக்க விரல் மடங்கவில்லை. அணைக்கட்டு தாண்டி வெளிச்சம் வந்தபோது, ரோட்டோரம் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய காய். காம்பெல்லாம் முள். வாத்தியார் ஒரு கிலோ வாங்கி ஹேண்டில்பாரில் மாட்டினான். போகும்போதே ஏன் வாங்கினான் என்பது அவனுக்கே வெளிச்சம். பை முட்டியில் குத்திக்கொண்டே வந்தது, அவனும் கழற்றவில்லை.

ஒடுகத்தூரில் ஆட்டுச் சந்தை. மினி லாரி, ஆட்டோ, டிவிஎஸ் எதைப் பார்த்தாலும் ஆடு. தள்ளிக்கொண்டுதான் கடந்தோம். அங்கே இட்லி, அப்புறம் காட்டு ரோடு. இந்த வழியாக பஸ்ஸில் எத்தனை தடவை தூங்கி வழிந்திருக்கிறோம்! எது மேடு, எது இறக்கம் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. வேலூர் கடல் மட்டத்திலிருந்து இருநூறு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, காவலூர் சுமார் 725. மீதி ஐந்நூறையும் காலால்தான் மிதிக்க வேண்டும். ஆலங்காயத்துக்கு மேலே, கடைசி கியரில் இருக்கிறோம் என்று தெரிந்தும் கை இன்னொரு கியரைத் தேடிக்கொண்டே இருந்தது.

வானாய்வகத்தின் வாசல் வரைதான் போனோம். உள்ளே இருக்கும் 2.34 மீட்டர் விட்டக் கண்ணாடித் தொலைநோக்கி 1986-இல் வந்தது, வானியலாளர் வைணு பாப்பு பெயரில். யுரேனஸுக்கு வளையம் உண்டென்று 1977-இல் தெரியவந்ததில் காவலூருக்கும் பங்கு உண்டு. வாத்தியார் மரத்தடியில் கத்தரிக்காய் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு இதையெல்லாம் சொன்னான். முள்ளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆம்பூர் பிரியாணியைப் பற்றி உனக்கு எழுத வேண்டியதில்லை. ஆனால் அதைச் சாப்பிட்டுவிட்டு வாடைக்காற்றுக்கு எதிரே மிதிப்பது இருக்கிறதே! இரண்டு பக்கமும் மலை, நடுவே பாலாறு, காற்று நேராக முகத்தில் அடிக்கிறது. முன்னே போகிறவன் காற்றைக் கிழிப்பான், பின்னே வருகிறவன் அவன் சக்கரத்துக்கு ஒரு முழம் விட்டு ஒட்டிக்கொண்டால் பாடு நன்றாகவே குறையும். கிலோமீட்டர் கல்லுக்குக் கல் மாற்றிக்கொள்வதாக ஒப்பந்தம். பேச முடியாது, காற்றில் காதில் விழாது. பள்ளம் வந்தால் கையைக் கீழே காட்டுவான், அவ்வளவுதான். மாதனூர் தாண்டி ஒரு கல் போயிற்று, இன்னொன்றும் போயிற்று, வாத்தியார் விலகவில்லை. என் மூச்சுச் சத்தத்தைக் கேட்டிருக்கிறான். நானும் தெரியாதவன் மாதிரி பின்னாலேயே போனேன். பள்ளிகொண்டா டோல்கேட்டில் ஓரமாகக் கம்பீரமாகப் போனோம், நமக்கு ஏது கட்டணம்! அதற்கப்புறம் நான் முன்னே போய், அவன் மணி அடித்தும் இடம் கொடுக்கவில்லை. வேலூர் வந்து டீ குடிக்கும்போது, "உன் கணக்கில் நாலு கல் பாக்கி" என்றான், படுபாவி.

முட்டி வலி என்று எழுதியிருந்தாயே, நீ சீட்டைத் தாழ்த்தி வைத்து ஓட்டுகிறாய் என்று அவன் அடித்துச் சொல்கிறான். கால் போதுமான அளவு நீளாமல் மிதித்தால் பாரமெல்லாம் முட்டியில்தான் இறங்குமாம். முதலில் டாக்டரிடம் காட்டு. அப்புறம் மாசி வெயில் ஏறுவதற்குள் இங்கே வா. தம்பியின் சைக்கிள் சும்மாதான் நிற்கிறது. செருப்பில்லாமல் சுவரோரம் நின்று, தொடை இடுக்கிலிருந்து தரை வரை எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து எழுது. சீட்டை ஏற்றி வைக்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்