ஹாக்ஸன் பயணமும் மெட்டல் டிடெக்டர் கேள்வியும்: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை வழக்கமான தமிழ் வகுப்பு நடக்காது. அன்று பெரிய வகுப்புப் பிள்ளைகளை இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தின் வட எல்லையில், வேவனி ஆற்றை ஒட்டியிருக்கும் ஹாக்ஸன் என்ற ஊருக்கு அழைத்துப் போகிறோம். அறிவிப்பு போன அன்றே வாட்ஸ்அப் குழுவில் இரண்டு கேள்விகள் வந்துவிட்டன. தமிழ்ப் பள்ளிக்கு ஆங்கிலேயக் கிராமத்தில் என்ன வேலை என்பது ஒன்று. பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த மெட்டல் டிடெக்டரைப் பிள்ளை எடுத்துவரலாமா என்பது இன்னொன்று. இரண்டாவதற்குப் பதில்: வேண்டாம். ஏன் வேண்டாம் என்று பிள்ளைகளுக்குப் புரியவைப்பதுதான் இந்தப் பயணத்தின் பாதி நோக்கம். முதல் கேள்விக்கான பதிலும் அந்த ஊரின் கதையிலேயே இருக்கிறது.

1992 நவம்பரில் ஹாக்ஸனில் ஒரு விவசாயி தன் சுத்தியலை வயலில் தொலைத்துவிட்டார். அவருடைய நண்பர் எரிக் லாஸ், ஓய்வுபெற்ற தோட்டக்காரர். பணி ஓய்வின்போது அவருக்கு ஒரு மெட்டல் டிடெக்டர் பரிசாகக் கிடைத்திருந்தது. சரி, தேடிப் பார்ப்போம் என்று 16ஆம் தேதி வயலில் இறங்கினார். கருவி ஒலித்த இடத்தைத் தோண்டியதும் வெள்ளி நாணயங்கள் வந்தன, அப்புறம் வெள்ளிக் கரண்டிகள், தங்க நகை. அதற்குமேல் அவர் தோண்டவில்லை. நிலத்துக்குச் சொந்தக்காரரான மாவட்ட நிர்வாகத்திடமும் போலீசிடமும் சொன்னார்கள். மறுநாளே தொல்லியல் குழு வந்து, மீதி இருந்ததை மண்ணோடு கட்டிகட்டியாகப் பெயர்த்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோனது.

ஏறத்தாழ 15,000 ரோமானிய நாணயங்கள். அவற்றில் 569 தங்கம், மற்றவை கிட்டத்தட்ட எல்லாமே வெள்ளி. 78 கரண்டிகள், 20 அகப்பைகள், 19 தங்க வளையல்கள், தோளிலும் மார்பிலும் குறுக்காக அணியும் ஒரு தங்கச் சங்கிலி. கடைசியாக அச்சான நாணயங்கள் கி.பி. 407-408ஐச் சேர்ந்தவை. எனவே புதைத்தது அதற்குப் பிறகுதான், பிரிட்டனில் ரோமானிய ஆட்சி கலைந்துகொண்டிருந்த காலத்தில். வெள்ளிக் காசுகளில் பெரும்பாலானவற்றின் ஓரங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. புதுக் காசு வருவது நின்றுபோனதும் இருக்கிற காசை ஓரம் நறுக்கி வெள்ளி சேர்த்திருக்கிறார்கள்.

ஆனால் இந்தப் புதையலின் பெருமை எடையில் இல்லை என்பது என் கருத்து. லாஸ் பாதியில் நிறுத்தியதால் எது எதன் மேல் இருந்தது என்பது கலையாமல் கிடைத்தது. சுமார் 60 சென்டிமீட்டர் நீளமுள்ள ஓக் மரப் பெட்டி, அதற்குள் சிறு பெட்டிகள், அவற்றுக்குக் குட்டி வெள்ளிப் பூட்டுகள், கிண்ணங்கள் உரசாமலிருக்க இடையில் வைக்கோல். யாரோ அவசரப்படாமல், திரும்பி வந்து எடுக்கும் எண்ணத்தோடு அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு பெண்புலி உருவக் கைப்பிடி மட்டும் இருக்கிறது, அது பொருந்தியிருந்த பெரிய ஜாடி இல்லை. பெரிய வெள்ளித் தட்டுகளும் இல்லை. ஆக அந்தக் குடும்பத்திடம் இதைவிட அதிகம் இருந்திருக்கிறது. ஒருவர் ஆர்வக்கோளாறில் எல்லாவற்றையும் வாரி மூட்டை கட்டியிருந்தால் தங்கமும் வெள்ளியும் கிடைத்திருக்கும், இது எதுவும் தெரிந்திருக்காது.

அந்தப் பெட்டியில் நம் பிள்ளைகளுக்கென்றே ஒன்று இருக்கிறது. மிளகுச் சிமிழ்கள், மொத்தம் நான்கு. ஒன்று அலங்காரம் செய்துகொண்ட ஒரு சீமாட்டியின் மார்பளவு உருவம், உயரம் 10 சென்டிமீட்டர்தான். அடியில் உள்ள தட்டைத் திருகினால் மூடிக்கொள்ளும், இன்னும் திருகினால் மிளகு நிரப்பத் திறக்கும், மறுபடி திருகினால் சிறு துளைகள் வழியே தூவும். அந்த மிளகு விளைந்தது தென்னிந்தியாவின் மேற்குக் கரையில், மலைச்சாரல்களில். சங்கப் பாட்டில் முசிறித் துறையிலிருந்து யவனர் கப்பல் ஏறிப் போன சரக்கும் இதேதான். முசிறியின் பொற்காலத்துக்கும் ஹாக்ஸன் சிமிழுக்கும் இடையில் சில நூற்றாண்டுகள் உண்டு, ஆனாலும் வணிகம் அறுந்துவிடவில்லை. 408இல் ரோம் நகரை முற்றுகையிட்ட விசிகாத் அரசன் அலாரிக், விலகிப் போவதற்குக் கேட்ட பொருள்களில் 3,000 ராத்தல் மிளகும் ஒன்று. சஃபோக் வயலில் புதைந்த வெள்ளிச் சிமிழுக்குள் சேர நாட்டுப் பக்கத்து மிளகு போயிருக்கிறது என்று பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். முதல் கேள்விக்கு என் பதில் அதுதான்.

ஹாக்ஸனின் கதை ரோமானியரோடு தொடங்கவும் இல்லை. அங்கே செங்கல்லுக்குக் களிமண் தோண்டிய குழியில், சுமார் 12 அடி ஆழத்தில், செதுக்கிய சிக்கிமுக்கிக் கற்கள் கிடைத்தன. ஜான் ஃப்ரியர் என்ற நிலக்கிழார் அவற்றைப் பார்த்துவிட்டு 1797இல் லண்டன் தொல்பொருள் கழகத்துக்குக் கடிதம் எழுதினார். இவை உலோகம் அறியாத மக்களின் ஆயுதங்கள், நாம் எண்ணியும் பார்த்திராத பழங்காலத்தவை என்றார். உலகத்துக்கு வயது 6,000 ஆண்டு என்று பெரும்பாலானோர் நம்பிய காலம் அது. கடிதத்தை அச்சிட்டார்கள், மறந்தும் போனார்கள். 1859இல்தான் பிரெஸ்ட்விச், எவன்ஸ் என்ற இருவர் ஹாக்ஸனுக்கே போய்ப் பார்த்து, ஃப்ரியர் சொன்னது சரி என்றார்கள். இன்றைய கணக்கில் அந்தக் கற்கோடரிகளுக்கு ஏறத்தாழ 4 லட்சம் ஆண்டு வயது. மனிதன் எவ்வளவு பழமையானவன் என்ற அந்த விவாதத்தின் சூட்டோடுதான் நான்கே ஆண்டில், 1863இல், ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் இந்தியாவின் முதல் கற்கோடரியை அடையாளம் கண்டார்.

ஃப்ரியரின் கடிதத்தில் ஒரு சின்னக் குறிப்பு இருக்கிறது. குழியில் வேலை செய்தவர், அவை மதிப்புள்ளவை என்று தெரிவதற்கு முன்பு, கூடை கூடையாக அள்ளிப் பக்கத்துச் சாலையின் வண்டித் தடப் பள்ளங்களில் கொட்டியிருக்கிறார். அந்த மனிதர்மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்கு யாரும் சொல்லவில்லை. நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லலாம்.

அந்த ஊரில் மூன்றாவதாக ஒரு கதை உண்டு, அந்தப் பகுதியை ஆண்ட அரசர் எட்மண்டின் கதை. 869இல், கடல் கடந்து படையெடுத்து வந்த டேனியரிடம் தோற்ற அவர் கோல்ட்புரூக் பாலத்தடியில் ஒளிந்திருந்தாராம். அவ்வழியே போன புதுமணத் தம்பதி தண்ணீரில் குதிரையைத் தூண்ட அவர் காலில் அணிந்திருந்த பொன் முட்களின் பிரதிபலிப்பைக் கண்டு காட்டிக் கொடுத்தார்களாம். அதனால் அந்தப் பாலத்தைக் கடக்கும் மணமக்களுக்கு அவர் சாபமிட்டார் என்பார்கள். அவரைக் கட்டி வைத்து அம்பெய்ததாகச் சொல்லப்பட்ட ஓக் மரம் 1848இல் சாய்ந்தது, அதற்குள் ஓர் அம்பு முனை இருந்ததாகவும் சொல்கிறார்கள். மரம் நின்ற இடத்தில் இப்போது ஒரு கல் நினைவுச்சின்னம் இருக்கிறது. எட்மண்ட் டேனியரால் கொல்லப்பட்டது வரலாறு. ஆனால் இங்கேதானா என்பதில் அறிஞர்கள் உடன்படவில்லை, வேறு ஊர்களும் உரிமை கொண்டாடுகின்றன. நம் ஊர்த் தலபுராணங்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. பெரிய பிள்ளைகள் பாலத்தில் நின்று, எதை நம்பலாம், எதைக் கதையாக ரசிக்கலாம் என்று விவாதிக்கட்டும்.

இனி சட்டம். இங்கிலாந்தில் நிலத்துக்காரர் அனுமதியில்லாமல் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடக் கூடாது, அனுமதி இருந்தாலும் பாதுகாக்கப்பட்ட நினைவிடங்களில் தனி உரிமம் வேண்டும். 1996இன் புதையல் சட்டப்படி 300 ஆண்டுக்கு மேற்பட்ட தங்க, வெள்ளிப் பொருள்களை 14 நாளுக்குள் கொரனரிடம் (புதையல்களையும் விசாரிக்கும் மரண விசாரணை அதிகாரி) தெரிவித்தாக வேண்டும். தனியாகக் கிடைக்கும் ஒற்றைக் காசு பொதுவாக இதில் வராது, இருந்தாலும் மாவட்டத்தில் இதற்கென்றே உள்ள அலுவலரிடம் காட்டிப் பதிவு செய்வது நல்லது, அதற்குக் கட்டணம் கிடையாது. சொன்னால் பறித்துக்கொள்வார்கள் என்ற பயமும் தேவையில்லை. லாஸுக்கு 17.5 லட்சம் பவுண்டு சன்மானம் கிடைத்தது. சுத்தியலைத் தொலைத்த விவசாயிக்குப் பங்கு கொடுக்கச் சட்டம் அன்று அவரைக் கட்டாயப்படுத்தவில்லை, அவர் கொடுத்தார்.

பயணத்தில் பாலத்தையும் தேவாலயத்தையும் அதன் பழைய சுவரோவியங்களையும் பார்ப்போம். நினைவுச்சின்னத்தைத் தூரத்திலிருந்து காட்டுவோம். புதையல் கிடைத்த வயல் தனியார் நிலம், அதற்குள் போக மாட்டோம். புதையலை விடுமுறையில் நீங்களே லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அழைத்துப் போய்க் காட்டுங்கள், நுழைவு இலவசம். அந்தச் சுத்தியலும் கிடைத்துவிட்டது, அதுவும் அந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்பில்தான் இருக்கிறது.

பிள்ளைகள் சேற்றுக்கு ஏற்ற பூட்ஸும் மழைக்கோட்டும் போட்டு வரவேண்டும். மதிய உணவு வீட்டிலிருந்து. புளிசாதம், சாண்ட்விச் எதுவானாலும் சரி, நிலக்கடலை மட்டும் வேண்டாம், ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். நோட்டும் பென்சிலும் போதும். வித்தியாசமான கல் கண்ணில் பட்டால் எடுக்காமல் ஆசிரியரைக் கூப்பிடச் சொல்லுங்கள். பேருந்து காலை 8.30க்குக் கிளம்பும். உடன் வர நான்கு பெற்றோர் தேவை. ஒப்புதல் படிவத்தை வரும் சனிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்